துணி காயும் வரை நாலு வரிசை

செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் வசந்தம். கரூரில் இருக்கும் அம்மாவுக்கு இதை ஒவ்வொரு வருஷமும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனியும் ஆடியும் இங்கே குளிர், புரட்டாசியில் வசந்தம், மார்கழியில் கொளுத்தும் வெயில். "வசந்தம்னா நல்லாத்தானே இருக்கும்?" என்பார் அம்மா. நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசியில் தெருவெல்லாம் ஜகரண்டா பூத்து ஊதாவாகக் கிடக்கும். ஆனால் வீட்டை நடத்துகிறவளுக்கு அது காயாத துணியும் ஈரச் சுவரும் புளிக்காத மாவுமாகத்தான் வந்து சேர்கிறது. அவற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஊசியும் நூலும் வைத்துக் கம்பளிச் சட்டை பின்னக் கற்றுக்கொண்ட கதை இது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். கடற்கரை நகரான டர்பனில் இருந்து உள்ளே 80 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 600 மீட்டர். சுற்றிலும் குன்றுகள், நடுவில் கிண்ணம் போல ஊர். மூடுபனி இறங்கினால் அந்தக் கிண்ணத்திலேயே தங்கிவிடும். போயர்கள், அதாவது டச்சு வம்சாவளிக் குடியேறிகள், வைத்த பெயர் இது, தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இங்குள்ளவர்கள் சுருக்கி மாரிட்ஸ்பர்க் என்று சொல்லும்போது, எனக்கு அதில் மாரி என்ற சொல்தான் முதலில் கேட்கும்.

ஆப்பிரிக்காவில் குளிரா என்று கேட்பவர்களுக்கு நான் காந்தியைச் சொல்வேன். 1893 ஜூன் 7 அன்று இரவு அவரை ரயிலில் இருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் நிலையத்தில்தான். குளிருக்கான மேல்கோட்டு சாமான்களோடு இருந்தது. சாமான்களோ ரயில்வேக்காரர்களிடம். கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலேயே, காத்திருப்பு அறையில் விடிய விடிய நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் இருந்து வரும் உறவினர்கள் அந்த நிலையத்தைப் பார்க்கக் கிளம்பினால், கையில் ஒரு ஸ்வெட்டரைக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

இங்கே வந்த முதல் இரண்டு வசந்தங்கள் என்னை அழவைத்துவிட்டன. அப்போது எனக்குப் புரியாமல் இருந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். இங்கே வசந்தத்தில் திடீரென்று ஒருநாள் உள்நாட்டு மேட்டுநிலத்தில் இருந்து கடலை நோக்கிக் காற்று சரிந்து இறங்கும். இறங்க இறங்கச் சூடாகி, ஈரமே இல்லாமல் வந்து அடிக்கும். பெர்க் காற்று என்பார்கள். காலை பத்து மணிக்குள் 30 டிகிரியைத் தாண்டிவிடும், உதடு வெடிக்கும், தலை வலிக்கும். அந்த நாட்களில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். மறுநாள் பார்த்தால் தென்மேற்கில் இருந்து குளிர்காற்று புகுந்து, வெப்பம் பாதியாகி, மூன்று நாள் விடாத தூறல். சனிக்கிழமை துவைக்கும் நாள் என்று ஊரில் இருந்து கொண்டுவந்த கணக்கை வைத்துக்கொண்டு, அந்தத் தூறலில் துவைத்துப்போட்டுக் கலங்கி நிற்பேன்.

பெர்க் காற்று பெரும்பாலும் குளிருக்கு முன்னே ஓடிவருகிற காற்று என்று புரிந்த பிறகு, துவைக்கும் கிழமை என்ற ஒன்றையே வைத்துக்கொள்வதில்லை. காற்று சுடச்சுட அடிக்கிறதா, உடனே கனமானவற்றைப் போட்டுவிடுவேன்: போர்வை, திரைச்சீலை, ஜீன்ஸ், மகனின் பள்ளி ஜெர்சி. (ஸ்வெட்டரை இந்த நாட்டில் ஜெர்சி என்பார்கள்.) இரண்டு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். சாயங்காலம் வரை கொடியில் விடக்கூடாது, காற்று திரும்பினால் அரை மணியில் வானம் மாறிவிடும். ஆனால் ஒன்று, கரும்பு எரிக்கும் பருவமும் இதுதான், பெர்க் காற்றில் கரித்தூள் பறந்து வரும். வெள்ளைத் துணியை அன்று உள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விஷயம் திசை. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வளர்ந்தவர்கள். இங்கே சூரியன் வருஷம் முழுக்க உச்சிப் பொழுதில் வடக்குப் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். வீட்டின் தெற்குச் சுவரில் வெயில் நேராக விழுவது அரிது. நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் கொடி கட்டியிருந்தது தெற்கே. பெரிய பீரோவைப் படுக்கையறையின் தெற்குச் சுவரோடு ஒட்டி வைத்தேன். ஒரு செப்டம்பரில் பீரோவை நகர்த்தினால் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. என் கல்யாணப் பட்டு அதற்குள் இருந்தது. நல்லவேளை, புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த வாடை போக மாசக்கணக்கானது.

இப்போது கொடி வடக்கே இருக்கிறது. பீரோ உட்சுவரை ஒட்டி, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியோடு. ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடுவதே இல்லை. ஒரே ஒரு சின்ன அறையை அதற்கென்று ஒதுக்கி, கதவைச் சாத்தி, ஜன்னலை நாலு விரல் திறந்துவைத்து, மின்விசிறியைத் துணியைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். மழை நாளில் வெளியே ஈரமாகத்தானே இருக்கிறது, ஜன்னலை எதற்குத் திறக்க வேண்டும் என்று கணவர் கேட்டார். பூட்டிய அறையில் துணியில் இருந்து வரும் ஈரத்துக்குப் போக இடமில்லை. அது சுவரில்தான் ஏறும். பூஞ்சையைத் துடைக்க வினிகர் போதும். இங்கே எல்லா வீட்டிலும் ஜிக் என்ற ப்ளீச் இருக்கும். அதையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மழை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் துவைக்கிறேன். பள்ளிச் சட்டை இரண்டு, கால்சட்டை ஒன்று, உள்ளாடைகள், அவ்வளவுதான். மெஷினில் இரண்டாம் தடவை பிழியவிட்டால் காயும் நேரம் நன்றாகக் குறைகிறது. கால்சட்டையை உள்பக்கம் திருப்பி, பைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். சட்டைக்கு ஹேங்கர், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு கை புகும் இடம். எப்போதும் காலரும் இடுப்புப் பட்டியும்தான் கடைசியில் காயும். அங்கே மட்டும் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் போதும்.

சரி, பின்னலுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எழுபதைத் தாண்டிய வயது. 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் நான்காம் தலைமுறை. வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் சாமி, சோறு, தண்ணி, ஆயா, தாத்தா எல்லாம் அப்படியே இருக்கும். புரட்டாசி வந்தால் ஊரில் எங்கள் தெருவில் கடைப்பிடித்ததைவிடக் கண்டிப்பாக இருப்பார். மாசம் முழுக்க மாமிசம் கிடையாது. சேப்பங்கிழங்கை மடும்பி என்பார், கீரையை ஹெர்ப்ஸ் என்பார். இந்த ஊர் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் தோல் தைத்தவர். தையல் எங்கே இழுக்கும், எங்கே கிழியும் என்று அவர் விரலுக்குத் தெரியும். மூன்றாவது வசந்தத்தில், தூறலில் நனைந்த போர்வையை மாற்றி மாற்றிப் பிழிந்துகொண்டிருந்த என்னை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டு, "உள்ளே வாம்மா, அது காயும்போது காயட்டும்" என்று கூப்பிட்டு, கையில் இரண்டு ஊசியைக் கொடுத்தார்.

முதலில் கற்றுக்கொடுத்தது எட்டாம் நம்பர் ஊசி. நான் வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு கார்டிகன் (முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர்) குறிப்பைப் பார்த்தேன், அதிலும் எட்டு என்று போட்டிருந்தது. அதே ஊசியை எடுத்துப் பின்னினேன். முதுகுப் பாகம் முடிந்தபோது மகனுக்குச் சேரும் அளவில் இருந்தது. ஆன்ட்டியின் எட்டு பழைய பிரிட்டிஷ் எண், 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பின் எட்டு 5 மில்லிமீட்டர். தென்னாப்பிரிக்காவில் பழைய ஊசிகள் எல்லாம் பிரிட்டிஷ் எண்ணில்தான் இருக்கும். அதனால் யார் ஊசி கொடுத்தாலும், எந்தக் குறிப்பைப் பார்த்தாலும், எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். விளிம்புப் பட்டிக்கு ஆன்ட்டி பத்தாம் நம்பர் என்பார். அது 3.25 மில்லிமீட்டர்.

அடுத்து மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டு. இதைச் செய்யாமல் நான் இழந்தது அரைக் கிலோ மெரினோ கம்பளி நூல். டபுள் நிட் எனப்படும் நடுத்தரக் கனமுள்ள நூலில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) என்று இரண்டாவது கார்டிகனுக்கான குறிப்பு சொன்னது. மார்பைச் சுற்றி 100 சென்டிமீட்டர் வேண்டும், 220 கண்ணி. என் கை தளர்வு, எனக்கு 20 கண்ணிதான் வந்திருக்கிறது. அளந்து பார்க்கவில்லை. உடம்பு 110 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. ஒரு கையகலத் துண்டைப் பின்னி, அதைத் துவைத்து, காயவைத்து, அப்புறம் அளந்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் தெரிந்திருக்கும். துவைக்காமல் அளப்பதில் பயனில்லை. தண்ணீர் பட்டதும் கண்ணிகள் தளர்ந்து உட்காரும்.

அதோடு போகவில்லை. அந்தக் கார்டிகனைத் துவைத்து மற்ற துணிகளைப் போலவே கொடியில் தொங்கவிட்டேன். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். அதுதான் இந்த ஊர்த் தூறலில் அதன் அருமை. ஆனால் முழுக்க நனைந்தால் கனம் தாங்காது. மாலையில் அதன் கைகள் இரண்டும் முழங்கால் வரை தொங்கின. இப்போது நனைந்த கார்டிகனை முறுக்குவதில்லை. பெரிய துண்டில் பாய் மாதிரி சுருட்டி, மேலே ஏறி மிதித்து நீரை இறக்கிவிட்டு, வலைத் தட்டில் தட்டையாக விரித்து, அளவுநாடாவை வைத்து வடிவம் செய்து, காயும் அறையில் விடுகிறேன். இரண்டு நாள் ஆகும். அக்ரிலிக் நூல் என்றால் ஒரு நாள் போதும். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அக்ரிலிக் அல்லது அக்ரிலிக் கலந்த நூலே சரி. காலையில் வேண்டும் என்றால் காலையில் தயாராக இருக்கும்.

நீண்டுபோன அந்தக் கார்டிகன் இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. மழை நாளில் இட்லி மாவு புளிக்காமல் மறுநாள் மதியம் வரை அப்படியே கிடக்கும். பாத்திரத்தை அந்தக் கார்டிகனால் சுற்றி, கைகள் இரண்டையும் மூடிமேல் முடிச்சிட்டு, வெந்நீர்க் கீசர் இருக்கும் அலமாரிக்குள் வைத்துவிடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

இந்த மாவுதான் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. மழைக்கால வீட்டு வேலை என்பது பாதிக்கு மேல் காத்திருப்பது. மாவு புளிக்க, துணி காய, பருப்பு ஊற, மெஷின் சுற்றி முடிக்க, மழை விட. கை சும்மா இருக்கும், மனசு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். என்னை அழவைத்தது வேலை இல்லை, இந்தக் காத்திருப்பு. அதனால் பின்னலைக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற மாதிரிப் பிரித்துக்கொண்டேன். குக்கர் மூன்று விசில் விடும் நேரத்துக்குக் கைப்பாகம். கண்ணி குறைவு, வரிசை சீக்கிரம் முடியும், நாலு வரிசை ஆகும். மெஷின் ஓடும் முக்கால் மணி நேரத்துக்கு முதுகு. அது நேராக ஓடும், எண்ணிக்கை வேண்டாம், மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டே போகலாம். கழுத்து வளைவு, பொத்தான் பட்டி, பூ வேலைப்பாடு எல்லாம் எல்லோரும் தூங்கிய பிறகுதான். இதைக் கலந்தால் கெட்டுப்போகும். விசிலுக்கு நடுவே கழுத்து வளைவைத் தொட்டு மூன்று தடவை பிரித்திருக்கிறேன்.

எழுந்து போகும்போது வரிசையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும், பாதியில் விட்டால் கண்ணி நழுவும், இழுப்பும் மாறும். பத்து வரிசைக்கு ஒரு சிவப்பு நூல் துண்டைக் கோத்துவிடுங்கள். நாலு மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். மின்வெட்டு மோசமாக இருந்த 2023இல் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. இருட்டில் நேர்ப் பின்னலை விரலாலேயே ஓட்டலாம், சிவப்பு நூல் முடிச்சையும் தொட்டு எண்ணலாம்.

இடது, வலது முன்பாகங்களைத் தனித்தனியாகப் பின்னாதீர்கள். இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் நீண்ட வட்ட ஊசி ஒன்றில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஏற்றி, இரண்டு நூல் பந்து வைத்துக்கொண்டு ஒன்றாகவே பின்னுங்கள். கைகளும் அப்படியே. துண்டுதுண்டாக நேரம் கிடைக்கிறவளுக்கு ஒரு கையை முடித்துவிட்டு மூன்று வாரம் கழித்து அடுத்ததைத் தொடங்கினால் இரண்டும் ஒரே நீளத்தில் வராது. நூல் வாங்கும்போது எல்லாப் பந்துகளின் சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய பந்துகளுக்கு ஒரே எண்) ஒன்றா என்று பாருங்கள். நான் ஒரு பந்து குறைவாக வாங்கி, அடுத்த மாதம் வேறு தொகுதியில் வாங்கியதில் முதுகின் நடுவே கோடு விழுந்துவிட்டது. நூலை பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று வாடை வரும். தலையணை உறை போதும்.

2024 புரட்டாசியின் முதல் சனிக்கிழமையை மறக்க முடியாது. செப்டம்பர் 21. முந்தின நாளே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் பக்கம் பனி கொட்டத் தொடங்கி, ஜொகன்னஸ்பர்க்கில் இருந்து வரும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாயில் அடைபட்டது. வண்டிகள் இரவெல்லாம் பனியில் நின்றன. எங்களைப் பார்க்க வருவதாக இருந்த நண்பர் குடும்பம் கிளம்பாமல் தப்பித்தது. எங்கள் ஊரில் மழையும் எலும்பைத் துளைக்கும் குளிரும். காலையில் படையல், வீட்டில் துடைத்த ஈரம் காயவில்லை, குளித்த தலை காயவில்லை, பாயசப் பாத்திரம் மட்டும்தான் சூடு. படையல் முடிந்து ஆன்ட்டிக்கு மடும்பிக் குழம்பும் சோறும் கொண்டுபோனேன். சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்னிய மூன்று கார்டிகன்கள் பக்கத்திலேயே மடித்துக் கிடந்தன. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். கையைக் காட்டினார். விரல் மூட்டுகள் வீங்கி, சின்னப் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. இருபது வருஷம் தோலில் ஊசி ஏற்றிய விரல்கள்.

அன்று மதியமே அவருக்கான கார்டிகனைத் தொடங்கினேன். அவர் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் அவருக்கே திருப்பிச் செய்கிற மாதிரி இருந்தது. பொத்தான் பட்டிக்கு விளிம்பில் இருந்து கண்ணி எடுக்கும்போது நாலு வரிசைக்கு மூன்று கண்ணி. கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது, வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டி அலையலையாக நெளியும். பொத்தான் துவாரத்தைப் பின்னுவதற்கு முன்பே பொத்தானை வாங்கிவிட வேண்டும். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய, நடுவில் குழிந்த மரப் பொத்தான்களாகத் தேடி ஐந்து வாங்கினேன். துவாரத்தைப் பொத்தான் நழுவி ஏறும் அளவுக்கு இரண்டு கண்ணி அகலமாக விட்டேன். பட்டியின் உட்புறம் பருத்தி நாடா தைத்தேன், இழுத்தாலும் தொய்யாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

தீபாவளிப் பலகாரத்தோடு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. சுத்தம் செய்யும் வேலை, முறுக்கு, பக்கத்து வீடுகளுக்குப் பெட்டி போடுவது என்று பத்து நாள் ஊசியைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் என்றால் இரவெல்லாம் உட்கார்ந்து முடித்து, மறுநாள் எல்லோர் மீதும் எரிந்து விழுந்திருப்பேன். இப்போது கணவர் துணி உலர்த்துவதை எடுத்துக்கொண்டார், மகன் தன் சட்டைக் காலரைத் தானே இஸ்திரி போடுகிறான். இதையெல்லாம் நான் கேட்டதால்தான் செய்தார்கள். நானே கேட்க எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. கார்டிகன் கார்த்திகையில் முடிந்தது. அப்போது இங்கே கோடை, புழுக்கம். ஆன்ட்டி அதை வாங்கி, எல்லாப் பொத்தானையும் ஒரு தடவை போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மே மாசம் வரட்டும்" என்று மடித்து வைத்தார்.

இந்த வருஷம் மே மாதத்தில் இருந்து தினமும் அதைத்தான் போட்டிருக்கிறார். முழங்கை தேய்ந்துவிட்டது, அதனால் அதே நிறத்தில் இரண்டு வட்டத் துண்டு பின்னிக்கொண்டிருக்கிறேன். இன்று காலையில் இருந்து பெர்க் காற்று. எங்கள் போர்வையும் ஆன்ட்டியின் போர்வையும் கொடியில் படபடக்கின்றன. இரண்டாவது வட்டத்தில் இன்னும் ஆறு வரிசை இருக்கிறது, ஆனால் தென்மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கிவிட்டது. முதலில் போர்வைகளை எடுத்துவிட்டு வருகிறேன்.